தலைக்கு மேலே தளரும் கம்பி

கம்பியால் பிடித்து வட்டமாகப் பறக்கவிடும் சிறு விமானம் பற்றி அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது:

"சேர், சாகசப் பறப்புப் போட்டி விதிகளின்படி பறக்க வேண்டும் என்று ஒரு கம்பிவழி விமானம் கட்டியிருக்கிறேன். மின் மோட்டர். மொத்த எடை 1.75 கிலோ, சிறகின் பரப்பு 36 சதுர டெசிமீற்றர். கைப்பிடியிலிருந்து விமானத்தின் நடுக்கோடு வரை 19.2 மீற்றர். ஒரு சுற்றுக்கு 5.3 செக்கன். மட்டமாகப் பறக்கும்போது கம்பி நன்றாக இறுகி நிற்கிறது. தலைக்கு மேலே கொண்டுபோனால் தளர்ந்து விடுகிறது. இரண்டு தடவை விமானம் கையை மீறிப் போய்த் தப்பியது. எடை கூடினால் வெளியே இழுக்கும் விசையும் கூடும் என்பதால் வெளிச்சிறகில், அதாவது வட்டத்தின் வெளிப்பக்கச் சிறகில், இன்னும் 100 கிராம் ஈயம் வைக்க நினைக்கிறேன். சரிதானே?"

2024 மார்ச் 3

ஈயம் வைக்க வேண்டாம். முதலில் கணக்கைச் செய்து பார்ப்போம்.

உங்கள் அளவுகளின்படி ஒரு சுற்று ஏறத்தாழ 120 மீற்றர். அதை 5.3 செக்கனில் முடிக்கும் விமானம் செக்கனுக்கு 22.7 மீற்றர், அதாவது மணிக்கு 80 கிலோமீற்றருக்குச் சற்று மேலே போகிறது. அந்த வேகத்தில் 1.75 கிலோ விமானம் கம்பியை ஏறத்தாழ 4.8 கிலோ விசையோடு இழுக்கும். தலைக்கு நேர் மேலே வரும்போது விமானத்தின் எடை உங்களை நோக்கியே விழுவதால் அதைக் கழித்துவிட வேண்டும். மீதி 3 கிலோ. மூன்று கிலோ இழுவை உள்ள கம்பி தளராது. ஆகவே எடை குறைந்ததால் இது நடக்கவில்லை. கம்பிகள் சிறகிலிருந்து வெளியேறும் இடத்தை அளந்து அனுப்புங்கள்.

மார்ச் 4

இந்தத் துறைக்குப் புதியவர்கள் இருவர், கம்பிவழி விமானம் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். பறப்பவர் வட்டத்தின் நடுவில் நிற்கிறார். அவருடைய கைப்பிடியின் மேல் முனையிலிருந்து ஒன்றும் கீழ் முனையிலிருந்து ஒன்றுமாக இரண்டு மெல்லிய உருக்குக் கம்பிகள் விமானத்தின் உட்சிறகு, அதாவது பறப்பவர் பக்கச் சிறகு, வழியாக உள்ளே போய், நடுவில் சுழலக்கூடிய ஒரு பெல்கிராங்கில் முடிகின்றன. கைப்பிடியைச் சாய்த்தால் பெல்கிராங் திரும்பும். அதிலிருந்து போகும் தண்டு வாலிலுள்ள எலிவேற்றரை அசைக்கும். சாகசப் பறப்பு விமானங்களில் சிறகின் பின்விளிம்பிலுள்ள பிளாப்பும் அதோடு சேர்ந்து எதிர்த் திசையில் அசையும்: எலிவேற்றர் மேலே போனால் பிளாப் கீழே இறங்கும். வானொலி இல்லை, திசை திருப்புவதும் இல்லை. அந்த இரண்டு கம்பிகளும் இறுகியிருக்கும்வரைதான் விமானம் நம்முடையது.

மார்ச் 6

மூன்றாம் திகதி எழுதிய கணக்கில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. அதைத் திருத்தாமல் விட்டால் தம்பியைத் தவறான வழியில் அனுப்பியவனாவேன்.

இன்று காலை பள்ளிக்கூட மைதானத்தில் என் விமானத்தை ஒரு பக்கம் செங்குத்தாக ஏற்றித் தலைக்கு மேலாக மறுபக்கம் இறக்கினேன். ஏறும்போது வேகம் குறைவதை மருமகன் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னான். எனக்கோ அது கையிலேயே தெரிந்தது. நான் தலைக்கு மேலேயும் 22.7 மீற்றர் வேகம் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டிருந்தேன். 19 மீற்றர் உயரம் ஏறும் எந்தப் பொருளும் வேகத்தை இழக்கும். மோட்டர் எதையும் திருப்பிக் கொடுக்காவிட்டால் 22.7 மீற்றரோடு ஏறத் தொடங்கிய விமானம் உச்சியில் 12 மீற்றருக்கு வந்துவிடும். மோட்டர் கொடுப்பதால்தான் அது 17, 18 என்று நிற்கிறது.

வேகம் 18 என்றால் என்னுடைய 1.4 கிலோ விமானம் உச்சியில் ஒரு கிலோ அளவுக்கு இழுக்கும். கீழே பறக்கும்போது அதே விமானம் இழுப்பது 3.85 கிலோ. உங்களுடையது 15 மீற்றருக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், உச்சியில் கம்பியில் இருப்பது 340 கிராம் மட்டுமே. 3 கிலோ என்று நான் எழுதியதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். மைதானத்தில் ஒரு சிறு காற்று வீசினாலே அது போய்விடும்.

மார்ச் 7

நேற்று எழுதியதை இரவு திரும்பவும் போட்டுப் பார்த்தபோது, தம்பியின் கேள்விக்கு நேரான விடை ஒன்று கிடைத்தது.

உச்சியில் கம்பி எப்போது தளரும்? வெளியே இழுக்கும் விசையும் விமானத்தின் எடையும் சமமாகும் வேகத்தில். இரண்டு பக்கத்திலும் எடை பெருக்கலில் இருப்பதால் அது வெட்டுப்பட்டுப் போய்விடுகிறது. மிஞ்சுவது கம்பியின் நீளமும் புவியீர்ப்பும் மட்டும். 19.2 மீற்றர் கம்பிக்கு அந்த வேகம் செக்கனுக்கு 13.7 மீற்றர். 1 கிலோ விமானமானாலும் 2 கிலோ விமானமானாலும் அதே 13.7 தான். 100 கிராம் ஈயம் அந்த எண்ணை ஒரு தசமம்கூட மாற்றாது. மாற்றுவது ஒன்றைத்தான்: அதே மோட்டர் இன்னும் 100 கிராமைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டியிருப்பதால், உச்சிக்கு வரும்போது வேகம் இன்னும் குறைந்திருக்கும். தளர்வைத் தடுக்க வைக்கும் ஈயம் தளர்வை நெருங்க வைக்கிறது.

எடை கூடினால் இழுவை கூடும் என்பது மட்டப் பறப்பில் உண்மை. அங்கே நமக்கு இழுவை போதாமல் இல்லை.

மார்ச் 11

1.75 கிலோ எங்கிருந்து வந்தது என்று தம்பி பிரித்து எழுதியிருக்கிறார்: 6 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகையில் மூக்குப் பகுதி, ரெஜிபோம் சிறகின்மேல் தடித்த தாளும் எப்பொக்சியும், அதன்மேல் கார் வண்ணம்.

என் முதலாவது மின்விமானத்திலும் இதே கதைதான் நடந்தது. கட்டி முடித்தபோது வண்ணமில்லாமல் 1.41 கிலோ. மினுங்க வேண்டும் என்று மருமகன் ஆசைப்பட்டான். ஐந்து பூச்சு அடித்தோம். தராசில் வைத்தபோது 1.55. வண்ணம் மட்டும் 140 கிராம். அந்த விமானம் பார்க்க மிக அழகாக இருந்தது. சதுர வளையத்தின் மூலைகளில் மட்டும் வட்டமாகத் திரும்பியது.

காரணம் எளிது. ஒரு சிறகு தரக்கூடிய அதிகபட்சத் தூக்கு விசையில் திரும்பும்போது, திருப்பத்தின் ஆரை சிறகின் ஒவ்வொரு சதுர டெசிமீற்றரும் எத்தனை கிராம் சுமக்கிறது என்பதைப் பொறுத்தது. வேகத்தைக் கூட்டினாலும் அது சுருங்காது. என் இப்போதைய விமானம் 38.7 சதுர டெசிமீற்றரில் 1.4 கிலோவைச் சுமக்கிறது, சதுர டெசிமீற்றருக்கு 36 கிராம். உங்களுடையது 48.6. உங்கள் மூலை என்னுடையதைவிட மூன்றில் ஒரு பங்கு அகலமாகத்தான் வரும். மூலை அகன்றால் 1.5 மீற்றர் உயரத்தில் முடிக்க வேண்டிய உருவம் நிலத்தில் முடியும்.

ஆகவே ஒவ்வொரு துண்டையும் ஒட்டுவதற்கு முன் நிறுங்கள். நகைக்கடைத் தராசு தேவையில்லை. சமையலறையில் மா நிறுக்கும் மின்தராசு போதும். நான் ஒரு கொப்பியில் எழுதி வைக்கிறேன்: பெல்கிராங் 14, தரைச்சக்கரம் இரண்டும் கம்பியோடு 62, இப்படி. எந்தத் துண்டு ஏமாற்றியது என்று பிறகு தெரியும்.

மார்ச் 12

நோன்பு தொடங்கிவிட்டது, பெருநாள் முடியும்வரை மைதானத்துக்குப் போகமாட்டேன் என்று தம்பி எழுதியிருக்கிறார். நல்லது. அதுவரை கட்டுவதைப் பற்றிப் பேசலாம். பெருநாள் முடிந்ததும் விமானத்தோடு மட்டக்களப்புக்கு வாருங்கள், நேரில் பார்ப்போம்.

மார்ச் 17

கம்பிகளைப் பற்றி. கல்முனையிலிருந்து ஒருவர் தங்கூசி (நைலோன் மீன்பிடி நூல்) பாவிக்கலாமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம். தங்கூசி இழுபடும். நீங்கள் கைப்பிடியைச் சாய்த்தாலும் அந்த அசைவின் ஒரு பகுதியைத் தங்கூசி விழுங்கிவிடும். அதுவும் இழுவை குறைந்த தலைக்கு மேலே ஒரு மாதிரி, இழுவை கூடிய கீழே இன்னொரு மாதிரி. இந்த அளவு விமானத்துக்குப் பொருத்தமானது பல இழைகளை முறுக்கிய 0.38 மில்லிமீற்றர் உருக்குக் கம்பி. போட்டி விதியில் நீளம் 15 முதல் 21.5 மீற்றர்வரை இருக்கலாம்.

காத்தான்குடியில் மீன்பிடிச் சாமான் கடை வைத்திருக்கும் காக்கா ஒருவரிடம் பல்லுள்ள மீனுக்குத் தூண்டிலின் முனையில் கட்டும் முறுக்குக் கம்பி கிடைக்கிறது. கண்ணுக்கு நம்முடையது போலவே இருக்கும். ஒரு சுருளின் நீளம் போதாமல் இரண்டைப் பொருத்த முயன்றேன். பொருத்திய இடம் மற்றக் கம்பியில் தட்டி நின்றது. அதை விட்டுவிட்டேன். கம்பி ஒரே துண்டாக இருக்க வேண்டும். ஆனால் கைப்பிடியில் மாட்டும் கொளுக்கிகளை அவரிடம்தான் வாங்குகிறேன்.

உட்பக்கமாக, அதாவது விமானத்தின் முதுகு வளையத்தின் உள்ளே பார்க்கும்படி, மூன்று வளையம் அடித்தால் கம்பிகள் ஒன்றையொன்று மூன்று தடவை சுற்றிக்கொள்ளும். அந்த நிலையிலும் அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு அசைய வேண்டும். அதனால்தான் கம்பி சுத்தமாக இருப்பது முக்கியம். கல்லடிப் பக்கம் கடற்காற்றில் ஒரு கிழமை வைத்தாலே துரு பிடிக்கும். ஒவ்வொரு பறப்புக்கு முன்பும் உலர்ந்த பருத்தித் துணியை இரண்டு விரலுக்கிடையில் மடித்து முழு நீளத்தையும் இழுத்துத் துடைக்கிறேன். துணியில் செம்மஞ்சள் கோடு விழுந்தால் அந்தக் கம்பிகளை எறிந்துவிடுவேன். இழை ஒன்று அறுந்திருந்தால் துணியில் நூல் மாட்டும், அப்போதும் எறிந்துவிடுவேன்.

மார்ச் 18

நேற்று விட்டது: இழுவைச் சோதனை. போட்டியில் பறக்குமுன் விமானத்தின் எடையைப் போல் பத்து மடங்கு இழுத்துப் பார்ப்பார்கள். 1.4 கிலோவுக்கு 14, உங்களுடையதுக்கு 17.5. மீன் நிறுக்கும் கொளுக்கித் தராசைக் கைப்பிடியில் மாட்டி வீட்டிலேயே இழுத்துப் பாருங்கள். போன வருடம் நான் கம்பி முனையைச் சுற்றிக் கட்டியதில் ஒரு சுற்றுக் குறைந்திருந்தது. 11 கிலோவில் உருவிக்கொண்டு வந்தது. அது வீட்டு முற்றத்தில் நடந்தது. பறக்கும்போது நடந்திருந்தால் விமானம் பிள்ளைகள் நின்ற பக்கம் போயிருக்கும். அன்றிலிருந்து மணிக்கட்டில் வார் மாட்டாமல் மோட்டரைத் தொடுவதில்லை.

இன்னுமொன்று. மின்கம்பம் இருக்கும் வெட்டையில் பறக்க வேண்டாம். நாம் பிடித்திருப்பது 19 மீற்றர் உருக்கு. சித்திரை மாதத்தில் பின்நேரம் இடி முழங்கத் தொடங்கினால், எவ்வளவு தூரத்தில் கேட்டாலும், கம்பியைச் சுற்றி வையுங்கள்.

மார்ச் 24

மின் மோட்டர் எதற்கு, எஞ்சின்தானே இதன் உயிர் என்று மூத்தவர் ஒருவர் வருத்தத்தோடு எழுதியிருக்கிறார். அவருடைய வருத்தம் எனக்குப் புரிகிறது.

அமெரிக்கரான ஜிம் வாக்கர் இந்த விளையாட்டைப் பரப்பிய காலத்திலிருந்து பல பத்தாண்டுகள் எஞ்சின்தான். 1952 இல் ஜோர்ஜ் ஓல்ட்ரிச் வரைபடம் வெளியிட்ட நொப்ளர் இன்றும் பலர் கட்டும் விமானம். தடித்த சிறகும் எலிவேற்றரோடு சேர்ந்து அசையும் பிளாப்பும் அதன் அடையாளம். அந்தக் கால எஞ்சின்களில் ஓர் அருமை இருந்தது. மட்டப் பறப்பில் எரிபொருள் சற்றுக் கூடுதலாகப் போகும்படி ஊசியை வைத்தால், எஞ்சின் இரண்டு சுழற்சிக்கு ஒரு தடவை வெடித்துக்கொண்டு அடங்கி ஓடும். மூக்கை மேலே தூக்கியதும் சுழற்சிக்கு ஒரு தடவை வெடிக்கத் தொடங்கி வலுவைக் கொடுக்கும். கீழே வந்ததும் பழையபடி அடங்கும். யாரும் கையால் தொடாமல், ஏறும்போது மட்டும் வலு. அதன் ஒலியை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார்.

இப்போது அந்த வேலையை மோட்டரின் வேகக் கட்டுப்படுத்தி செய்கிறது. சுமை கூடினாலும் சுழற்சி குறையாதபடி அது மின்னோட்டத்தைக் கூட்டுகிறது. என்னுடையது நிமிடத்துக்கு ஏறத்தாழ 9500 சுழற்சியில் நிற்கும்படி வைத்திருக்கிறேன். எனக்கு இங்கே மெதனோலும் நல்ல ஆமணக்கெண்ணெயும் தொடர்ந்து கிடைப்பதில்லை. பற்றரியை இரவில் சுவரில் செருகினால் போதும். அதற்காகத்தான் மாறினேன். எஞ்சின் வைத்திருப்பவர்கள் தாங்கியின் உயரத்தைக் கவனியுங்கள்: தலைகீழாகப் பறக்கும்போது சுற்று வேகமாக முடிந்தால் தாங்கி உயர்ந்திருக்கிறது, ஒரு மில்லிமீற்றர் இறக்குங்கள்.

தம்பிக்கு இதில் ஒரு கேள்வி: உங்கள் கட்டுப்படுத்தியில் அந்த நிலையைப் போட்டிருக்கிறீர்களா, அல்லது மோட்டர் ஒரே திறப்பில் ஓடுகிறதா?

மார்ச் 25

ஒரே திறப்பில்தான் ஓடுகிறது என்கிறார். அப்படியென்றால் ஏறும்போது வேகம் இழப்பதற்குக் காரணம் பாதி அங்கேயே இருக்கிறது.

மார்ச் 31

கைப்பிடியைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

என் மாமா கப்பலில் வேலை செய்தவர். நான் சிறுவனாக இருந்தபோது சின்ன டீசல் எஞ்சின் ஒன்றையும் ஒரு விமானப் பெட்டியையும் கொண்டுவந்து, எழுவான்கரையில் ஒரு தென்னந்தோட்டத்துக்குப் பக்கத்து வெட்டையில் பறக்கவிட்டார். ஈதர் மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது. 1978 நவம்பர் 23 சூறாவளி வீட்டுக் கூரையைக் கொண்டுபோனபோது விமானமும் எஞ்சினும் போயின. மரத்தில் கடைந்த கைப்பிடி மட்டும் கிணற்றடியில் சேற்றுக்குள் கிடந்தது. அதைத்தான் நான் இரண்டு வருடம் முன்புவரை பாவித்தேன்.

அதில் இரண்டு கம்பிக்கும் இடையே 130 மில்லிமீற்றர். பிளாப் உள்ள விமானத்துக்கு அது மிக அதிகம். கை சற்று அசைந்தாலே விமானம் துள்ளும். இதுதான் விமானத்தின் குணம் என்று நினைத்து, மூக்கில் ஈயம் வைத்து அடக்கினேன், மூலைகள் செத்துப்போயின. பிறகு மாமாவின் கைப்பிடியில் 95 மில்லிமீற்றருக்குப் புதிய துளை போட மனமில்லாமல், அதன் அச்சிலேயே வேறொன்று செய்தேன், முன்பக்கத்தில் துளைகளை வரிசையாக வைத்து. ஒரே நாளில் மூக்கிலிருந்த ஈயத்தை எடுத்துவிட முடிந்தது. ஈயத்தை எடுக்கக்கூடிய ஒவ்வொரு இடத்திலும் வேறொரு பிழை ஒளிந்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். தம்பி ஈயம் என்று எழுதியதும் நான் உடனே பதறியதற்கு இதுதான் காரணம்.

ஏப்ரல் 14

தம்பி கட்டுப்படுத்தியை மாற்றிவிட்டு, பெருநாளுக்குப் பிறகு பறந்து பார்த்திருக்கிறார். அவர் எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் நான் சொன்னதையெல்லாம் அது குழப்புகிறது: "தலைக்கு மேலே நேராகக் கடப்பதில் இப்போது பிரச்சினை இல்லை. ஆனால் தலைக்கு மேலான எட்டு வடிவ உருவத்தில், உட்பக்க வட்டத்தில் மட்டும் கம்பி தளர்கிறது. வெளிப்பக்க வட்டத்தில் நன்றாக இறுகுகிறது."

வேகம் மட்டும் காரணமென்றால் இரண்டு வட்டத்திலும் தளர வேண்டும். எட்டின் ஒரு பாதியில் மட்டும் தளர்வது வேகத்தால் வராது. எடையையும் மோட்டரையும் மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன், இன்னொன்று இருக்கிறது. இருபதாம் திகதி வருகிறார்.

ஏப்ரல் 20

காலை ஆறரைக்கு மைதானம். வாவிப் பக்கமிருந்து காற்றே இல்லை. தம்பி முதல் பஸ்ஸில் வந்திருந்தார், விமானத்தை ஒரு பழைய சேலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு.

முதலில் மட்டப் பறப்பு. நான் வட்டத்துக்கு வெளியே, விமானம் என்னை நோக்கி வரும் இடத்தில் இருந்து பார்த்தேன். வெளிச்சிறகு ஒரு விரல் உயர்ந்திருந்தது. தலைகீழாகப் பறக்கச் சொன்னேன். இப்போது அதே வெளிச்சிறகு தாழ்ந்திருந்தது.

இதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வெளிச்சிறகில் ஈயம் கூடியிருந்தால் அது நிமிர்ந்து பறந்தாலும் தலைகீழாகப் பறந்தாலும் இரண்டிலும் தாழும். எடை எப்போதும் நிலத்தை நோக்கித்தான் விழும். ஒன்றில் உயர்ந்து மற்றதில் தாழ்ந்தால் அது எடையல்ல, சிறகின் முறுக்கு. முறுக்கு வெளிச்சிறகை எப்போதும் விமானத்தின் முதுகுப் பக்கமாகவே தூக்கும். உட்பக்க வட்டத்தில் தூக்கு விசையும் முதுகுப் பக்கமாக இருப்பதால் அது பறப்பவரை நோக்கிச் சாய்ந்து கம்பியைத் தளர்த்துகிறது. வெளிப்பக்க வட்டத்தில் அது மறுபுறம் சாய்ந்து கம்பியை இறுக்குகிறது. அவர் எழுதியது அப்படியே பொருந்தியது.

வீட்டுக்கு வந்து, பழைய கடைக் கண்ணாடி அலுமாரியிலிருந்து எடுத்த கண்ணாடியின்மேல் விமானத்தை வைத்தோம். நான் எல்லாச் சிறகையும் அதன்மேல்தான் கட்டுகிறேன், கண்ணாடி வளையாது. வெளிச்சிறகு நுனியின் பின்விளிம்பு உட்சிறகினதைவிட 3 மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தது. எப்படி வந்தது என்று கேட்டேன். சூட்டுக் கம்பியால் ரெஜிபோமை வெட்டியதும் மிஞ்சிய மேல்கீழ்த் துண்டுகளை எறிந்துவிட்டாராம். அந்தத் துண்டுகள்தான் சிறகின் தொட்டில். மேலே தாளோ பால்சாத் தகடோ ஒட்டி எப்பொக்சி காயும்வரை சிறகு அந்தத் தொட்டிலுக்குள், மேலே பாரத்தோடு கிடக்க வேண்டும். இவர் மேசையில் வெறுமனே வைத்துக் காயவிட்டிருக்கிறார். எப்பொக்சி காய்ந்தபோது முறுக்கும் அதோடு காய்ந்துவிட்டது.

அடுத்தது கம்பி வெளியேறும் இடம். சிறகு நுனியில் இரண்டு பித்தளைக் குழாய்களை ஒட்டியே வைத்திருந்தார், இரண்டுக்கும் நடு புவியீர்ப்பு மையத்துக்கு நேரே. 19 மீற்றர் கம்பியைக் காற்று பின்னுக்கு இழுத்து வில்லாக வளைக்கிறது. அதனால் கம்பி விமானத்தை விட்டு வெளியேறும் இடம் மையத்துக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். முன்னால் இருந்தால் மூக்கு பறப்பவரை நோக்கித் திரும்பி, தலைக்கு மேலே வரும்போது விமானம் உள்ளே விழப் பார்க்கும். மிகவும் பின்னால் போனால் மூக்கு வெளியே திரும்பி, மூலைகளில் வால் ஆடும்.

ஒட்டிய குழாயை மாற்ற வழியில்லை. நுனியை அறுத்தோம். அவருக்குக் கை நடுங்கியது. என் மருமகன்தான் வாளைப் பிடித்தான். உள்ளே 60 மில்லிமீற்றர் நீளப் பள்ளமுள்ள ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்றை வைத்து, குழாய்களை அதில் திருகாணியால் பிடித்தோம், மையத்துக்கு 18 மில்லிமீற்றர் பின்னால்.

முறுக்கைச் சிறகில் திருத்த முடியாது. வெளிப்பக்க பிளாப்பின் கொம்புக் கம்பியைச் சற்று வளைத்து, பின்விளிம்பு ஒன்றரை மில்லிமீற்றர் மேலே நிற்கும்படி செய்தோம்.

பின்நேரம் காற்று எழும்பியதால் மூன்று பறப்பு மட்டும். மூன்றாவதில் தலைக்கு மேலான எட்டு, இரண்டு வட்டமும். தம்பி ஒன்றும் பேசவில்லை. இறக்கியபிறகு கம்பியைச் சுற்றாமல் புல்லில் உட்கார்ந்துகொண்டார்.

ஏப்ரல் 21

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. வெளிச்சிறகில் ஏற்கெனவே 45 கிராம் ஈயம் இருந்தது. இரண்டு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 25 கிராம். அதில் பாதியை உட்சிறகு தூக்குகிறது. அந்தப் பாரத்தைச் சமன்செய்யத்தான் வெளிச்சிறகில் ஈயம். உட்சிறகு சற்று நீளமாக இருப்பதையும் சேர்த்துப் பார்த்தாலும் 45 அதிகம். முறுக்கால் வெளிச்சிறகு உயர்ந்ததைப் பார்த்து அதை ஈயத்தால் அமுக்கியிருக்கிறார். முறுக்கைத் திருத்தியதும் 20 கிராமை எடுத்தோம்.

மார்ச் மாதம் நான் எடையைப் பற்றி எழுதிய பகுதியை இப்போது எப்படிப் பார்க்கிறேன் என்று கேட்டார்கள். கணக்கு தவறல்ல, 13.7 என்ற எண்ணும் மாறாது. ஆனால் ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு, விமானத்தைப் பார்க்காமல், எடைதான் காரணம் என்று நான் எழுதியது அவசரம். அந்த விமானத்தில் பல பிழைகள் இருந்தன, எடை அவற்றில் ஒன்று.

ஜூன் 9

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. காலை எட்டு மணிக்கு மேல் வெட்டையில் நிற்க முடியவில்லை. மண் கண்ணில் அடிக்கிறது.

காற்றில் பறக்கும்போது, காற்று உங்கள் முதுகில் படும்படி நின்று, உருவங்களை உங்கள் முன்னே, காற்று போகும் பக்கம் போடுங்கள். அங்கே காற்று விமானத்தை வெளியே தள்ளிக் கம்பியை இறுக்கும். காற்று வரும் பக்கத்தில் போட்டால் அதே காற்று விமானத்தை உங்கள் தலைமேல் தள்ளும். தொடர்ந்து மூன்று வளையம் போடும்போது விமானம் ஒவ்வொன்றிலும் வேகம் கூட்டிக்கொள்ளும். மூன்றாவதன் அடியில் கை பதறினால் நிலத்தில் குத்தும். என் இரண்டாவது விமானம் அப்படித்தான் போனது, மூன்றாவது வளையத்தில், ஒரு ஜூலை மாதத்தில். எச்சம் என்று எடுத்து வந்தது மோட்டரும் பெல்கிராங்கும்.

ஆகஸ்ட் 18

தம்பி புதிய விமானம் கட்டிவிட்டார். தொட்டிலுக்குள் வைத்துக் காயவிட்ட சிறகு, 3 மில்லிமீற்றர் ஒட்டுப்பலகை மூக்கு, வண்ணத்துக்குப் பதில் மெல்லிய நிறப் படலம். 1.43 கிலோ. கண்ணாடியில் வைத்து அளந்ததில் முறுக்கு அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. கம்பி வெளியேறும் இடம் நகரக்கூடியது, ஈயத்துக்கு நுனியில் மூடியுள்ள சிறு பெட்டி.

இன்று காலை முழு வரிசையையும் பறந்தார்: எழும்புதலிலிருந்து நாலிலை உருவம் வரை, தரையிறக்கத்தோடு 7 நிமிடத்துக்குள். வேலிக் கம்பத்தில் 1.5 மீற்றரில் கட்டிய வெள்ளைத் துணியை அளவாக வைத்து, நானும் மருமகனும் இன்னொருவரும் தனித்தனித் தாளில் புள்ளி போட்டோம். தலைக்கு மேலான எட்டுக்கு மூவரும் நல்ல புள்ளி. சதுர வளையத்தின் கீழ் மூலை துணிக்கு ஒரு முழம் கீழே போனது. அதற்கு மூவரும் குறைத்தோம்.

கைப்பிடித் துளையை ஒன்று வெளியே மாற்றி அடுத்த ஞாயிறு பார்க்க வேண்டும். பெட்டியில் இப்போது 22 கிராம்.